முந்திரிக்குள் ஒளிந்திருக்கும் 320

கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு வீடு கட்டும் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நீங்கள், "என்ன மேஸ்திரி, வேலை எவ்வளவு முடிந்தது?" என்று கேட்கிறீர்கள். சாரத்தின் மேலிருந்தபடியே அவர், "முக்காலே மூணு வீசம் முடிஞ்சு போச்சு கண்ணு!" என்கிறார்.

கொஞ்சம்தான் பாக்கி என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் எவ்வளவு பாக்கி? அதையும் மேஸ்திரி துல்லியமாகச் சொல்லிவிட்டார். எப்படி என்று பார்ப்போமா?

முக்கால் என்பது 3/4. வீசம் என்பது 1/16. ஆகவே மூன்று வீசம் 3/16. இரண்டையும் கூட்டுங்கள்.

3/4 + 3/16 = 12/16 + 3/16 = 15/16

வேலையைப் பதினாறு பங்காக்கினால் பதினைந்து பங்கு முடிந்துவிட்டது. ஒரு பங்கு, அதாவது ஒரு வீசம், பாக்கி. சாதாரணப் பேச்சுக்குள் ஒரு பின்னக் கணக்கே அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா?

வீசத்தைவிடச் சிறிய பின்னங்களுக்கும் தமிழில் பெயர் உண்டு. அந்தப் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனால் ஓர் எண் நம் முன் வந்து நிற்கும். அந்த எண் 320. அது ஏன் 300 ஆகவோ 360 ஆகவோ இல்லாமல் 320 ஆக இருக்கிறது? அந்த எண்ணால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? இவற்றைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்திரி என்றால் என்ன?

முந்திரி என்றதும் பாயசத்தில் மிதக்கும் பண்ணுருட்டி முந்திரிப் பருப்பை நினைத்துவிடாதீர்கள்! பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது ஒரு பின்னம். ஒன்றை 320 சம பாகங்களாக்கினால் கிடைக்கும் ஒரு பாகம், அதாவது 1/320, ஒரு முந்திரி ஆகும்.

அந்நாளைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் 'எண்சுவடி' என்னும் வாய்பாட்டு நூலை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அதில் முழு எண்களின் வாய்பாட்டோடு பின்னங்களின் வாய்பாடும் உண்டு. அப்பின்னங்களுள் முக்கியமானவற்றையும், ஒவ்வொன்றும் எத்தனை முந்திரி என்பதையும் கீழே காணுங்கள்.

அரை = 1/2 = 160 முந்திரி
கால் = 1/4 = 80 முந்திரி
நாலுமா = 1/5 = 64 முந்திரி
அரைக்கால் = 1/8 = 40 முந்திரி
இருமா = 1/10 = 32 முந்திரி
வீசம் அல்லது மாகாணி = 1/16 = 20 முந்திரி
ஒருமா = 1/20 = 16 முந்திரி
அரைவீசம் = 1/32 = 10 முந்திரி
அரைமா = 1/40 = 8 முந்திரி
கால்வீசம் = 1/64 = 5 முந்திரி
காணி = 1/80 = 4 முந்திரி
அரைக்காணி = 1/160 = 2 முந்திரி
முந்திரி = 1/320 = 1 முந்திரி

(இங்கே 'காணி' என்பது 1/80 என்னும் பின்னம். தமிழகத்தின் வடபகுதிகளில் சுமார் 1.32 ஏக்கர் நிலத்தையும் 'காணி' என்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இப்பொழுது வலப்பக்கத்தில் உள்ள எண்களை மட்டும் பாருங்கள்: 160, 80, 64, 40, 32, 20, 16, 10, 8, 5, 4, 2, 1. இவை உங்களுக்கு எதையாவது நினைவூட்டுகின்றனவா? 320 என்னும் எண்ணின் காரணிகளைத் தனியே எழுதிப் பாருங்கள்.

1 × 320
2 × 160
4 × 80
5 × 64
8 × 40
10 × 32
16 × 20

ஏழு சோடிகள், மொத்தம் பதினான்கு காரணிகள். அவற்றுள் 320 என்பது முழு ஒன்று. மீதிப் பதின்மூன்றும் நமது பட்டியலில் அப்படியே இருக்கின்றன! ஒன்றுகூட விடுபடவில்லை. 320-இன் ஒவ்வொரு காரணிக்கும் தமிழில் ஒரு பெயர் உண்டு. திண்ணைப் பள்ளி மாணவன் பின்னப் பெயர்களை ஒப்பித்தபோது, தன்னை அறியாமலே 320-இன் காரணிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தான்!

பதினாறும் இருபதும்

320-ஐப் பகாக் காரணிகளாகப் பிரிப்போம்.

320 = 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 5

ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் மட்டுமே உள்ளன. இந்த அமைப்புக்குப் பின்னால் இரண்டு எளிய பழக்கங்கள் இருப்பதைக் கவனியுங்கள்.

முதற்பழக்கம், பாதியாக்குவது. ஒரு தானியக் குவியலை இரண்டு சம பாகமாக்க ஒரு தராசு போதும், எடைக்கல்லே தேவையில்லை. இரு தட்டுகளிலும் மாற்றி மாற்றிப் போட்டு முள் நேராக நின்றால் பாதி கிடைத்துவிட்டது. அதை மறுபடி பாதியாக்கினால் கால். மறுபடி பாதியாக்கினால் அரைக்கால். மறுபடியும் பாதியாக்கினால் வீசம். நான்கு முறை பாதியாக்கினால் 16 பங்கு. இது 'வீச வழி'.

இரண்டாவது பழக்கம், விரல் விட்டு எண்ணுவது. கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்த்தால் 20. ஒன்றை இருபதாக்கினால் கிடைப்பது மா. இது 'மா வழி'. இருமா, மும்மா, நாலுமா என்று இவ்வழி வளர்கிறது.

இந்த இரண்டு வழிகளும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். இல்லாவிட்டால் வீசத்தோடு மாவை எப்படிக் கூட்டுவது? 16, 20 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு என்ன? 80. எனவே கூட்டுவதற்கு 1/80, அதாவது காணி, போதுமானது. ஒரு வீசம் 5 காணி. ஒருமா 4 காணி. அதாவது மாவோடு ஒரு காணி சேர்ந்தால் வீசம். மா + காணி = மாகாணி! வீசத்துக்கு மாகாணி என்ற மறுபெயர் இருப்பதன் பொருள் இப்போது விளங்குகிறதா? அந்தச் சொல்லே ஒரு கூட்டல் கணக்கு.

1/20 + 1/80 = 4/80 + 1/80 = 5/80 = 1/16

அப்படியானால் 80 போதுமே, 320 எதற்கு? கூட்டலுக்கு 80 போதும். பெருக்கலுக்குப் போதாது. மா அளவு நீளமும் வீசம் அளவு அகலமும் உள்ள ஒரு துண்டின் பரப்பு என்ன?

1/20 × 1/16 = 1/320

வீசத்தையும் மாவையும் பெருக்கினால் கிடைப்பதே முந்திரி. கூட்டலுக்கு மீச்சிறு பொது மடங்கு. பெருக்கலுக்கு முழுப் பெருக்குத் தொகை. 16, 20 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 4. மீச்சிறு பொது மடங்கையும் மீப்பெரு பொதுக் காரணியையும் பெருக்கினால் (80 × 4) மீண்டும் அந்த எண்களின் பெருக்குத் தொகையான 320 வருவதைக் கவனியுங்கள். நீங்கள் வகுப்பில் படித்த விதிதான் இது.

இன்னொரு வேடிக்கை. வீசம் என்பது 16-இல் ஒரு பங்கு. அதற்குள் 20 முந்திரி. மா என்பது 20-இல் ஒரு பங்கு. அதற்குள் 16 முந்திரி. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இருக்கின்றன.

320 ஒரு சிறந்த எண்ணா?

காரணிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 320 முதலிடம் பெறாது. அதைவிடச் சிறிய 240-க்கு 20 காரணிகள் உண்டு. 360-க்கு 24 உண்டு. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை சீனிவாச இராமானுஜன் 1915-ஆம் ஆண்டில் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 240, 360 ஆகிய இரண்டும் அத்தகைய எண்கள். 320-க்கு அந்தப் பெருமை இல்லை.

காரணம் வெளிப்படை. 240-இலும் 360-இலும் பகாக் காரணியாக 3 இருக்கிறது. 320-இல் அது இல்லை. இந்த ஓர் இல்லாமை என்ன செய்யும்? அதைப் பார்க்கும் முன், இதே எண் இன்னொரு நாட்டில் தலைகாட்டிய கதையைக் கேளுங்கள்.

நைல் நதிக்கரையில் 320

பழங்கால எகிப்தில் தானியம் அளக்க 'ஹெகட்' என்றொரு முகத்தலளவை இருந்தது, ஏறத்தாழ 4.8 லிட்டர். எகிப்தியரும் அதைப் பாதி பாதியாகவே பிரித்தார்கள்: 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64. அதற்கும் கீழே 'ரோ' என்னும் மிகச் சிறிய அளவு. ஐந்து ரோ சேர்ந்தால் 1/64 ஹெகட். அப்படியானால் ஒரு ஹெகட்டுக்கு எத்தனை ரோ? 64 × 5 = 320!

எகிப்தியரிடமிருந்து தமிழர் கற்றார்கள் என்றோ, தமிழரிடமிருந்து எகிப்தியர் கற்றார்கள் என்றோ இதைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. பாதியாக்கும் பழக்கமும் ஐந்து விரலும் எங்கே சேர்ந்தாலும் 2-களும் 5-களும்தான் சேரும். ஒரே தேவை இரண்டு இடங்களில் ஒரே எண்ணைத் தோற்றுவிக்கலாம்.

எகிப்தில் கிடைத்த, ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான இரண்டு மரப்பலகைகள் கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ளன. அக்மிம் பலகைகள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் ஓர் எழுத்தர் ஒரு ஹெகட்டை 3, 7, 10, 11, 13 ஆகிய எண்களால் வகுத்துப் பார்த்திருக்கிறார். மூன்றால் வகுக்கும்போது அவருக்குக் கிடைத்த விடை: 1/4 + 1/16 + 1/64 ஹெகட்டும், அதற்குமேல் 1⅔ ரோவும். ரோவைக்கூட அவர் உடைக்க வேண்டியிருந்தது. மூன்று அவரையும் தொல்லைப்படுத்தியிருக்கிறது!

மூன்று பேருக்குப் பங்கு

கருணாபுரத்துக்குத் திரும்புவோம். மூன்று வீட்டார் சேர்ந்து சமமாகப் பணம் போட்டு, கல்வராயன் மலையில் விளைந்த சாமையை ஒரு மூட்டை வாங்குகிறார்கள் என்று கொள்வோம். மூட்டையின் எடை 80 கிலோ. அப்படியானால் ஒரு முந்திரி என்பது 80 கிலோவில் 320-இல் ஒரு பங்கு. அதாவது 250 கிராம். நல்ல வசதியான அளவுதான்.

320 முந்திரியை மூன்றால் வகுங்கள். தலைக்கு 106, மீதி 2. ஒவ்வொரு வீட்டுக்கும் 26½ கிலோ கிடைக்கிறது. அரைக் கிலோ மிஞ்சுகிறது. அது யாருக்கு? பணம் சமமாகப் போட்டிருக்கும்போது, "அரைக் கிலோதானே, நானே வைத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் நியாயமா? கணக்கில் வரும் மீதி வெறும் எண் அல்ல. அது யாரோ ஒருவருடைய பங்கு.

இதற்குப் பழைய கணக்கர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு முந்திரியையே புதிய 'ஒன்று' ஆக எடுத்துக்கொண்டு, அதையும் 320 ஆகப் பகுத்தார்கள். அதற்குக் கீழ்முந்திரி என்று பெயர். கீழரை, கீழ்க்கால், கீழ்வீசம் என்று மேலே கண்ட பெயர்கள் அனைத்தும் 'கீழ்' என்ற முன்சொல்லோடு மறுபடி வரும்.

1 கீழ்முந்திரி = 1/320 × 1/320 = 1/1,02,400

மிஞ்சிய 2 முந்திரி 640 கீழ்முந்திரி ஆகும். மூன்றால் வகுத்தால் தலைக்கு 213, மீதி 1. நமது மூட்டையில் ஒரு கீழ்முந்திரி என்பது சுமார் 0.78 கிராம். சில நூறு சாமை மணிகள்.

விடாமல் இன்னும் ஒரு படி இறங்குவோம். அந்த ஒரு கீழ்முந்திரியை 320 ஆக்கினால், தலைக்கு 106; மீதி 2. இப்போது மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பங்கின் எடையும் சுமார் 0.0024 கிராம். அது ஏறத்தாழ ஒரே ஒரு சாமை மணியின் எடை! இதற்கும் கீழே போக வேண்டுமென்றால் மணியை உடைத்தாக வேண்டும்.

மீதி 2, 1, 2 என்று வந்ததைக் கவனித்தீர்களா? மேலும் இறங்கினால் மீண்டும் 1, மீண்டும் 2. என்றாவது ஒருநாள் மீதி இல்லாமல் போகுமா? போகாது. ஏன் என்று நிறுவுவது எளிது. எத்தனை படி இறங்கினாலும் நமது பகுதி எண் 320 × 320 × 320... என்றே இருக்கும். அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2-களும் 5-களும் மட்டுமே வரும். ஒரு பெருக்குத் தொகையை ஒரு பகா எண் மீதியின்றி வகுக்க வேண்டுமானால், பெருக்கப்பட்ட எண்களில் ஒன்றையாவது அது வகுக்க வேண்டும். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் நிறுவிக்காட்டிய உண்மை இது. 3 என்பது 2-ஐயும் வகுக்காது, 5-ஐயும் வகுக்காது. ஆகவே 320-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 3 உள்ளே நுழைய முடியாது. ஒரு கோடிப் படி இறங்கினாலும் அந்தக் கதவு திறக்காது.

இம்மி செய்த மாயம்

"இம்மியளவும் பிசகாது" என்று சொல்கிறோம் அல்லவா? அந்த இம்மியும் ஒரு பின்னம்தான். பரவலாகக் காணப்படும் வாய்பாட்டின்படி ஒரு கீழ்முந்திரிக்குப் பத்தரை இம்மி. அதாவது இரண்டு கீழ்முந்திரிக்கு 21 இம்மி. எனவே ஓர் இம்மி = 1/10,75,200.

பத்தரை என்ற விசித்திரமான அளவு எதற்கு? பகாக் காரணிகளைப் பிரித்துப் பாருங்கள். 10,75,200-இல் பதினோரு 2-களும் இரண்டு 5-களும் இருக்கின்றன. அவற்றோடு ஒரு 3-உம் ஒரு 7-உம் இருக்கின்றன! 21 = 3 × 7 அல்லவா? 320-இல் இல்லாத இரண்டு பகா எண்கள் இம்மியின் வழியாக உள்ளே வந்துவிட்டன.

இப்பொழுது மூன்று வீட்டாரின் பங்கைக் கணக்கிடுவோம்.

10,75,200 ÷ 3 = 3,58,400

ஒவ்வொருவருக்கும் 3,58,400 இம்மி. மீதி பூச்சியம்! எத்தனை படி இறங்கியும் முந்திரியால் முடியாததை இம்மி ஒரே படியில் முடித்துவிட்டது. ஏழு பேருக்குப் பகிர்ந்தாலும் அப்படியே: தலைக்கு 1,53,600 இம்மி, மீதி இல்லை.

அதே வாய்பாட்டில் ஓர் இம்மியை 154 ஆகப் பகுத்தால் கிடைப்பது 'அணு'. 154 = 2 × 7 × 11. அடுத்த பகா எண்ணான 11-உம் வந்துவிட்டது. (இந்த 'அணு' இன்றைய இயற்பியல் பேசும் அணு அல்ல, கணக்கில் ஒரு பின்னத்தின் பெயர்.)

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மையை அறிகிறோம். ஒன்றை எவ்வளவு சிறியதாகப் பகுக்கிறோம் என்பது மட்டும் போதாது. எந்தப் பகா எண்களால் பகுக்கிறோம் என்பதே பங்கு சரியாக வருமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அளக்க முடியாததும் கணக்கிட முடிந்ததும்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலத்தின் பரப்பை வேலி, மா, காணி, முந்திரி, கீழ் என்று படிப்படியாக இறங்கிக் குறித்திருக்கிறார்கள். இருபது மா கொண்டது ஒரு வேலி. முதலாம் இராசராசன் காலத்தில் ஒரு வேலியின் 1/52,42,88,00,000 பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டது என்று வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி எடுத்துக்காட்டியுள்ளார். அதாவது 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு!

இந்தப் பெரிய எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். நமது பழைய நண்பன்தான் இதற்குள்ளும் இருக்கிறான்.

52,42,88,00,000 = 320 × 320 × 320 × 320 × 5

ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர் என்று கொண்டால், இந்தப் பங்கு எவ்வளவு பெரியது? ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். பேனா முனையால் வைக்கும் ஒரு சிறு புள்ளி! எந்தக் கோலாலும் கயிற்றாலும் வயலில் அவ்வளவு நுட்பமாக அளக்க முடியாது. அப்படியானால் இந்தப் பின்னம் எங்கிருந்து வந்தது? அளவுகோலிலிருந்து வரவில்லை, வகுத்தலிலிருந்தும் பெருக்கலிலிருந்தும் வந்தது. நிலத்தை ஓரளவுக்குத்தான் அளக்க முடியும். ஆனால் அளந்ததைப் பகிரும்போது கணக்கில் எதையும் கீழே சிந்தாமல் எழுத முடியும். அளவையின் துல்லியம் வேறு, கணக்கின் துல்லியம் வேறு. ஆய்வகத்தில் சோதனை செய்யும்போதும் இந்த வேறுபாட்டை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நூறு மட்டும் என்ன?

1957-க்கு முன் இந்தியாவில் ஒரு ரூபாய்க்கு 16 அணாவாக இருந்தது. ஓர் அணாவுக்கு 12 பை. ஆகவே ரூபாய்க்கு 192 பை. 192 = 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 3. 320-ஐப் போலவே இதிலும் ஆறு இரண்டுகள். ஆனால் 5 இருந்த இடத்தில் 3. அதனால் ஒரு ரூபாயை மூவருக்குப் பகிர்வது எளிது: தலைக்கு 64 பை, அதாவது 5 அணா 4 பை. ஐவருக்குப் பகிர்ந்தால்தான் தொல்லை: 38 பை போக 2 பை மிஞ்சும்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா என்ற முறை வந்தது. 100 = 2 × 2 × 5 × 5. இதில் நான்கு இரண்டுகள் இல்லை. அதனால் 16 இதை வகுக்காது. ஓர் அணாவின் மதிப்பு 6¼ பைசா. கால் பைசா நாணயம் கிடையாதே! எனவே ஓரணாவுக்கு 6 பைசா, ஈரணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றுப் பட்டியல் வகுத்தார்கள். நாலணாவை ஒரே தடவையில் மாற்றியவருக்கு 25 பைசா. அதையே ஒவ்வோர் அணாவாக நான்கு முறை மாற்றியவருக்கு 24 பைசாதான். 16 என்ற எண் 100-ஐ வகுக்காத காரணத்தால் ஒருவருக்கு ஒரு பைசா நட்டம்!

நாம் இன்று பயன்படுத்தும் தசம முறையிலும் 3-க்குக் கதவு மூடியே இருக்கிறது. 10 = 2 × 5 தானே? 1/3 = 0.3333... என்று முடிவில்லாமல் போகிறது. 100 ரூபாயை மூவருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 33 ரூபாய் 33 பைசா போக ஒரு பைசா மிஞ்சும். முந்திரிக் கணக்கருக்கு வந்த அதே மீதிதான் நமக்கும் வருகிறது.

ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. 320-க்கும் 10-க்கும் பகாக் காரணிகள் ஒன்றே: 2, 5. ஆகவே முந்திரியில் எழுதிய எந்தப் பழங்கணக்கையும் தசமத்தில் மிச்சமின்றி மாற்றலாம். 1/320 = 0.003125. புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்களில் முடிந்துவிட்டது. ஏன் ஆறு? 320-இல் ஆறு இரண்டுகள் இருப்பதால்தான். அந்த ஆறு இரண்டுகளுக்கும் துணையாக ஆறு ஐந்துகள் சேர்ந்தால் ஆறு பத்துகள் ஆகிவிடும் அல்லவா?

பழைய ஏடுகளிலும் பத்திரங்களிலும் இந்தப் பின்னங்களுக்கென்று தனிக் குறிகள் இருந்தன. கணினிகள் உலக மொழிகளின் எழுத்துகளைக் கையாளப் பயன்படுத்தும் ஒருங்குறியில், 2019-இல் வெளியான 12-ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகள் இடம் பெற்றன. 1/320-உம் அவற்றுள் ஒன்று.

அடுத்த முறை யாராவது "முக்காலே மூணு வீசம்" என்று சொல்லக் கேட்டால், மனத்துக்குள் 300 முந்திரி என்று சொல்லிக்கொள்ளுங்கள். எதையாவது நண்பர்களுக்குள் பகிரும்போது முதலில் அந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பாருங்கள். மீதி வருமா என்பது பங்கு போடும் முன்பே தெரிந்துவிடும். மீதி வருமானால், அதை யாருக்கு என்று எல்லாரும் கூடி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கணக்கும் கெடாது, நட்பும் கெடாது!

நீங்களே செய்து பாருங்கள்

1. சாமை மூட்டையில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த 106 முந்திரியைப் பின்னப் பெயர்களால் சொல்லுங்கள்.

2. அரைக்காலையும் ஒருமாவையும் பெருக்கினால் கிடைக்கும் பின்னத்தின் பெயர் என்ன?

3. 1/6, 1/25, 1/12, 1/128 ஆகியவற்றுள் எவற்றை முந்திரியாலும் கீழ்முந்திரியாலும் மிச்சமின்றிச் சொல்லலாம்? வகுத்துப் பார்க்காமல் பகாக் காரணிகளைக் கொண்டே கூறுங்கள். பிறகு வகுத்துச் சரிபாருங்கள்.

4. மாவையும் மாவையும் பெருக்கினால் 1/400. இது ஒரு முந்திரியில் எத்தனை பங்கு?

5. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர்களிடம் வீசம், மாகாணி, மா, காணி, முந்திரி என்ற சொற்களை எங்கே கேட்டிருக்கிறார்கள், எதை அளக்கப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

விடைகள்

1. 80 + 20 + 4 + 2 = 106. எனவே கால், மாகாணி, காணி, அரைக்காணி நான்கும் சேர்ந்தது.

2. 1/8 × 1/20 = 1/160. அரைக்காணி.

3. 25 = 5 × 5; 128-இல் ஏழு இரண்டுகள் மட்டுமே உள்ளன. ஆகவே 1/25, 1/128 ஆகிய இரண்டையும் சொல்லலாம். முறையே 4,096 கீழ்முந்திரி, 800 கீழ்முந்திரி. 6-இலும் 12-இலும் 3 இருப்பதால் மற்ற இரண்டையும் சொல்ல முடியாது.

4. 320/400 = 4/5 = 3/4 + 1/20. அதாவது கீழ் முக்காலே ஒருமா.